மலைக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, நாட்டின் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டத் திட்டமிட்டு, அதில் பெரும்பகுதியை அரசு சாராத வழிகளில் எதிர்பார்ப்பது எனக்குக் கவலை தருகிறது. தொழில் நிறுவனங்கள் விரைவில் பயன்தரும் ஆய்வையே பெரும்பாலும் நாடும். பழனி மலைச் சோலைகளின் நீரூற்றுகளை இருபது ஆண்டுகள் பொறுமையாக அளக்க யார் பணம் தருவார்கள்? 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தை வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்த எங்கள் கொடைக்கானல் வானாய்வகம், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருப்பது பொதுப் பணத்தால்தான் இயன்றது. ஆய்வுக்கூடமும் வெளியீடுகளும் ஏற்கெனவே உள்ள நிறுவனங்களுடன் மலைக் கல்லூரி ஆசிரியர் இந்த நிதிக்காக எப்படிப் போட்டியிடுவார்? அரசுப் பங்கில் ஒரு பகுதியை நீண்டகாலக் கள ஆய்வுக்கென்றே ஒதுக்க வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளை முழுமையாக அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
கொடைக்கானல்.