சர்ச் முக்கு குழி

மக்கா ஜஸ்டின்,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆகிறது. முதல் மூன்று வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் என் வலது கை, அதற்கப்புறம் எழுதாததற்குக் காரணம் ஒரு குழி. கைக்கும் அந்தக் குழிதான் காரணம். பயப்படாதே, எலும்பு உடையவில்லை, மணிக்கட்டில் நல்ல சுளுக்கு, அவ்வளவுதான்.

சர்ச் முக்கிலிருந்து ஓடைப்பாலத்துக்கு இறங்குகிற இடம் ஞாபகம் இருக்கும், ரெண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிளில் பாய்ந்து இறங்குவோமே, அதேதான். இடவப்பாதி மழை, ராத்திரி எட்டு மணி, வண்டியில் குளச்சல் சாளை ஒரு கிலோ தொங்குகிறது. குழி நிறையத் தண்ணீர் கிடந்ததால் ரோடு மட்டமாகவே தெரிந்தது. முன்சக்கரம் இறங்கியது தெரியும், அப்புறம் பார்த்தால் நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், சாளை எல்லாம் குழிக்குள் மிதக்கிறது. எதிர்க்கடை அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து முதலில் மீனைத்தான் பொறுக்கினாள்.

மறுநாள் மகளுடைய ஸ்கேலை எடுத்துப்போய் அளந்தேன், 14 சென்டிமீட்டர் ஆழம். பக்கத்தில் ஒரு தேங்காய்க் கதம்பையைப் போட்டுப் படம் எடுத்தேன், இல்லாவிட்டால் போட்டோவில் எல்லாக் குழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பேரூராட்சி அலுவலகத்தில் படத்தைப் பார்த்த உடனே "இது ஹைவேஸ் ரோடு" என்றார்கள். சரி, நெடுஞ்சாலைத் துறைக்கு 2023-இல் வந்த 'நம்ம சாலை' செயலி இருக்கிறதே என்று அதில் ஏற்றினால், அவர்கள் எல்லை பாலத்தோடு முடிகிறது என்று பதில். முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் பண்ணினேன். மரியாதையாகக் கேட்டு எண்ணும் கொடுத்தார்கள், ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றி முதலில் என்னைத் திருப்பி அனுப்பியவரின் மேசைக்கே வந்து உட்கார்ந்தது. மைல்கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, அதையாவது பார்ப்போம் என்று போனால் நம்ம ரோட்டில் கல்லே இல்லை, பிடுங்கி ஆட்டோ ஸ்டாண்டில் உட்காருவதற்குப் போட்டிருக்கிறார்கள், பெயிண்ட் எல்லாம் போய் வழுவழு என்று இருக்கிறது.

வாழை நட்டுப் போராட்டம் பண்ணலாம் என்று நம்ம பயல்கள் சொன்னார்கள். ஏத்தன் கன்று நட்டால் குலை தள்ளுகிற வரை ஒருத்தனும் எட்டிப் பார்க்கமாட்டான், குலை வெட்டத்தான் வருவான் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் யாரோ ரெண்டு தடவை வந்து குழியை மூடினார்கள். ஒரு கூடை ஜல்லி, மேலே கொஞ்சம் தார்க் கலவை, மம்பட்டியால் நாலு தட்டு. ரெண்டு தடவையும் பத்து நாள் தாங்கவில்லை. நியாயமாக, ஓரத்தைச் சதுரமாக வெட்டி, உள்ளே கிடக்கிற சேற்றையும் தண்ணீரையும் வாரி எடுத்துவிட்டு, தார் தெளித்துக் கலவை போட்டு ரோலரை ஏற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் ரோடு போடலாமே என்று எழுதியிருந்தாய். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவருடைய முறைதான் அது. சூடான ஜல்லியில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசினால் தார் நன்றாக ஒட்டும், தண்ணீர் எளிதில் பிரிக்காது. நல்ல வேலைதான், ஆனால் அது மேலே இருந்து வருகிற தண்ணீருக்கு. நம்ம குழியின் சங்கதி வேறு என்று எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நானும் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அச்சில் பாரம் 2 மடங்கு ஆனால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் திட்டியதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் சங்கதியைக் கண்டுபிடித்தது ரிட்டயர் ஆன ஒரு சாலைப் பணியாளர். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து நான் படம் எடுக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பிள்ளே, மழ இல்லாத நாளும் இதுல வெள்ளம் கெடக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கிடக்கும்! அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள், குழாயில் தண்ணீர் விடுகிற நாள் பார்த்துக் கிடக்கும். அடியில் குடிநீர்க் குழாய் கசிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது, மேலே தங்கத் தகடு அடித்தாலும் நிற்குமா? ரெண்டு மாசமாக நான் 'சாலைப் பள்ளம்' என்று மனு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு சாயங்காலமே 'குடிநீர்க் குழாய் உடைப்பு, தண்ணீர் வீணாகிறது' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆள் வந்து தோண்டியாயிற்று. உள்ளே குழாய் இணைப்பில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். ரோடு யாருடையது என்பதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

குழாய் மாற்றியாகிவிட்டது. தோண்டின இடத்தில் ஜல்லி மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், தார் போட வேறு ஆள் வருவார்களாம். முன்பு வட்டமாக இருந்த குழி இப்போது நல்ல சதுரமாக இருக்கிறது. அந்த அண்ணனிடம் காட்டினேன், "சதுரமா வெட்டியாச்சுல்லா, பாதி வேல முடிஞ்சுது" என்று சிரிக்கிறார்.

அம்மைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? ஓணத்துக்கு நீ வருவதாக உன் தங்கச்சி சொன்னாள். ராத்திரி பஸ்ஸில் வந்தால் ஆட்டோக்காரரிடம் பாலம் தாண்டினதும் வலது ஓரமாக ஏறச் சொல்லு, இடது பக்கம்தான் அந்தச் சதுரம்.

உன்,
தாஸ்