முதல் லேபிலேயே அந்த ஷார்ட்கட்டைச் சொல்லிவிடுங்கள்: வடசென்னை ஜாவா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லோருக்கும் வணக்கம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை, கல்லூரி லேபிலும் மாடிப்படி ஏறிப் போகிற கம்ப்யூட்டர் சென்டரிலும் ஜாவா புரோகிராமிங் நடத்துகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன். உங்களைப் போன்ற ஒருவரிடம் படித்துத்தான் வேலைக்குப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஏரியா பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் ஒரே ஒரு கோரிக்கை: கிளாஸை, அதாவது ஜாவா புரோகிராம் கட்டப்படுகிற துண்டுகளில் ஒன்றை, பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கிற கீபோர்டு ஷார்ட்கட்டை முதல் லேபிலேயே சொல்லிவிடுங்கள்.

என் கதையைக் கேளுங்கள். சிறுசேரியில் முதல் வேலை. ஜாவா எழுதுகிற எக்லிப்ஸ் எடிட்டரைத் திறந்தால் இடது பக்கம் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். பில் போடுகிற கிளாஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு வா என்றார்கள். கிளாஸ்களைத் தொகுத்து வைக்கிற பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எம்.சி. ரோட்டில் ஒரு கடையைத் தேடினால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு மாதம் இதே பிழைப்பு. ஒரு நாள் பின்னால் நின்று பார்த்த சீனியர் குனிந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அமுக்கினார். சின்னதாக ஒரு பெட்டி வந்தது. “பேரை அடிப்பா” என்றார். நாலு எழுத்து அடிப்பதற்குள் கிளாஸ் வந்து நின்றது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “காலேஜ்ல இது சொல்லித் தரலையா?” என்று சாதாரணமாகக் கேட்டார் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது.

சொல்லித் தரவில்லை. அப்சர்வேஷனில் ஒரு தடவை, ரெக்கார்டு நோட்டில் ஒரு தடவை என்று அதே புரோகிராமைக் கையால் எழுதினேன். வேறு பேக்கேஜின் கிளாஸை வரவழைக்கிற இம்போர்ட் வரிகளைத் திருக்குறள் மாதிரி ஒப்பித்தேன். பெயர் மறந்துபோனால் தேடலாம் என்பதே தெரியாது. மறப்பதே குற்றம் என்றுதான் பழகியிருந்தேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். “எல்லாத்தையும் எடிட்டரே எழுதிட்டா பையன் என்னத்தைக் கத்துக்குவான்?” பாதி சரி. பாதி வார்த்தையிலேயே மீதியை நிரப்பித் தருகிற வசதியை முதல் செமஸ்டரில் அணைத்தே வையுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். தேடுவது வேறு. எக்லிப்ஸில் அரேலிஸ்ட் (ஐட்டங்களை வரிசையாக வைத்துக்கொள்கிற ஜாவா கிளாஸ்) என்ற பெயர் மேல் கர்சரை வைத்து எஃப்3 அமுக்கினால் அந்த கிளாஸின் சோர்ஸ் கோடே திறக்கும். முதல் ஐட்டம் சேரும்போது 10 இடம் ஒதுக்குவதும், நிரம்பினால் இருப்பதில் பாதி அளவு கூட்டிக்கொள்வதும் அங்கேயே எழுதியிருக்கிறது. வைவாவில் “அரேலிஸ்ட் எந்த பேக்கேஜ்?” என்று கேட்பதற்குப் பதில், கீபோர்டைத் தள்ளி “அந்தப் பத்து எங்கே இருக்கு, காட்டு” என்று கேட்டுப் பாருங்களேன். மனப்பாடம் பண்ணி வந்தவன் அங்கே மாட்டுவான்.

இன்னொன்று. போன மாதம் காசிமேட்டுப் பெண் ஒருத்தி புரோகிராமின் தலையில் ஜாவா.ஏடபிள்யூடி, ஜாவா.யுடில் என்ற இரண்டு பேக்கேஜையும் ஸ்டார் போட்டு மொத்தமாக இம்போர்ட் பண்ணிவிட்டு, உள்ளே லிஸ்ட் என்று எழுதியிருந்தாள். எந்த லிஸ்ட் என்று தெரியவில்லை எனக் கோடை மெஷினுக்கு மாற்றித் தருகிற கம்பைலர் கையை விரித்துவிட்டது. தன் மேல்தான் தப்பு என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெட்டியில் லிஸ்ட் என்று அடிக்கச் சொன்னேன். இரண்டு பேக்கேஜின் லிஸ்டும் வந்தன, பக்கத்திலேயே பேக்கேஜ் பெயரோடு. சென்னையில் எத்தனை பிள்ளையார் கோயில் தெரு! பேட்டையையும் சேர்த்துச் சொன்னால்தானே ஆட்டோ சரியான இடத்துக்குப் போகும். பேக்கேஜ் எதற்கு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

முழுப் பெயரை அடிக்கக்கூடத் தேவையில்லை. அரே இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் எக்செப்ஷன் என்கிற நீளமான பெயருக்கு ஆங்கிலத்தில் அதன் ஆறு பெரிய எழுத்துகள் (AIOOBE) போதும். இன்டெல்லிஜே எடிட்டர் என்றால் கன்ட்ரோல் என் (N). நம் கோடில் இல்லாமல் லைப்ரரியில் இருக்கிற கிளாஸ் வேண்டுமென்றால் அதையே இன்னொரு தடவை. விஎஸ் கோடு எடிட்டரில் கன்ட்ரோல் டி (T), உள்ளே போக எஃப்12.

லேப் மெஷின் பழசு, எக்லிப்ஸ் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிறீர்களா? நியாயம். விம் என்கிற சின்ன எடிட்டர், எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடுகிற சிடேக்ஸ், இரண்டும் எந்த ஓட்டை மெஷினிலும் ஓடும். ஒரு தடவை அந்தப் பட்டியலை, டேக்ஸ் ஃபைலை, உண்டாக்கிவிட்டால், பெயர் மேல் நின்று கன்ட்ரோலோடு மூடும் சதுர அடைப்புக்குறியை அமுக்கினால் போதும், கிளாஸுக்குத் தாவிவிடும். இதெல்லாம் நேற்று வந்ததும் இல்லை. ஐபிஎம் எக்லிப்ஸை வெளியே விட்டது 2001-ல். சிடேக்ஸ் அதற்கும் மூத்தது.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவை ஓட்ட மட்டும் உதவுகிற ஜேஆர்இ போட்ட மெஷினில் எஃப்3 அமுக்கினால் சோர்ஸ் கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும், புரோகிராம் எழுதுவதற்கான ஜேடிகே போடுங்கள். சில லேப்டாப்களில் எஃப்3 அமுக்கினால் சவுண்டு கூடும், இல்லையென்றால் வெளிச்சம் குறையும். எஃப்என் கீயையும் சேர்த்து அமுக்கச் சொல்லுங்கள். “எனக்கு மட்டும் வரல” என்று வெட்கப்பட்டு அடுத்த தடவை கேட்காமலே விட்டுவிடுகிற பிள்ளைகள் நம்மிடம் அதிகம்.

பத்து நிமிஷம் போதும். நேரமில்லை என்றால் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், நானே வந்து காட்டுகிறேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் ஒன்பதரைக்கெல்லாம் லேப் வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
தண்டையார்பேட்டை