பூட்டிய பெட்டிக்குள் ஒரு வயலின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கால வயலின்களை வைத்து எழுதப்படும் காதல் மர்மக் கதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளாக வயலின் கற்பித்து வருபவள் நான். இந்த வகைக் கதைகளையும் விடாமல் படிப்பவள். அதனால் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதைகளின் ஈர்ப்புக்கு வயலினின் விலையே காரணம் என்று கட்டுரையாளர் கருதுகிறார். புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1721-இல் செய்த ‘லேடி பிளன்ட்’ என்னும் வயலின் 2011-இல் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனதையும் எடுத்துக்காட்டுகிறார். விலைதான் காரணம் என்றால் கதைக்கு ஒரு வைர அட்டிகையே போதுமே.

இத்தகைய வயலினைத் திருடியவனால் விற்க முடியாது என்பதே இதன் தனித்தன்மை என்று நான் நினைக்கிறேன். இத்தாலியின் கிரெமோனாவில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வாத்தியங்களில், வயலின், வியோலா, செல்லோ எல்லாம் சேர்த்து, இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650. புகழ்பெற்ற ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது பதிவாகியிருக்கிறது. மேற்பலகையின் மரவரிகளும், வார்னிஷ் தேய்ந்த இடங்களும், தலைச்சுருளின் செதுக்கலும் மனிதருக்குக் கைரேகை போல அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே திருடு போன வயலின் கடைக்குப் போவதில்லை. திருடியவனின் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த வீட்டில் அவனோடு குடும்பம் நடத்தும் பெண் ஒருத்தி, பல ஆண்டுகள், எதுவும் அறியாமல் அதனோடும் வாழ்கிறாள். காதலும் மர்மமும் இதைவிட இயல்பாக எங்கே ஒன்றுசேரும்?

இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1936 பிப்ரவரி 28 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் புரோனிஸ்லாவ் ஹூபர்மன் என்ற வயலின் கலைஞர், குவர்னேரி என்ற மற்றொரு கிரெமோனா கைவினைக் குடும்பத்தின் வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒப்பனை அறையில் வைத்திருந்த அவருடைய 1713-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி களவு போனது. அது ஜூலியன் ஆல்ட்மன் என்ற இளம் வயலின் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தது. அடையாளம் தெரியாமலிருக்க அதன்மேல் ஷூ பாலிஷ் பூசப்பட்டது என்று சொல்கிறார்கள். அடுத்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும் ஆல்ட்மன் அதை ஒளித்து வைக்கவில்லை, வாசித்தார். வாஷிங்டனின் தேசிய சிம்பொனி இசைக்குழுவில்கூட அதைத்தான் வாசித்தார். 1985-இல், சிறையில் இருந்த நிலையில், மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த அவர் வயலின் பெட்டியைக் கவனிக்கும்படி மனைவியிடம் சொன்னார். பெட்டிக்கும் அதன் துணி உறைக்கும் இடையே அந்த அம்மையார் கண்டெடுத்தவை 1936-ஆம் ஆண்டுத் திருட்டைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகள். கணவர் இருந்தவரை அதே பெட்டி வீட்டில் எத்தனை முறை திறந்து மூடப்பட்டிருக்கும்! இந்த ஒரு காட்சிக்காகவே ஒரு நாவல் எழுதலாம். ஹூபர்மன் 1947-லேயே காலமாகிவிட்டார். இன்று அந்த வயலின் அமெரிக்க வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லிடம் இருக்கிறது.

1980-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ரோமன் டோட்டன்பெர்க் என்ற வயலின் கலைஞர் கச்சேரி முடிந்து ரசிகர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய ‘ஏம்ஸ்’ என்னும் 1734-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி மறைந்தது. ஓர் இளம் வயலின் கலைஞர்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. வீட்டைச் சோதனையிடப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த இளைஞர் 2011-இல் இறந்தார். டோட்டன்பெர்க் அடுத்த ஆண்டு தமது 101-ஆவது வயதில் மறைந்தார். பிறகு ஒருநாள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த அந்த இளைஞரின் முன்னாள் மனைவி, எண் பூட்டுப் போட்ட ஒரு வயலின் பெட்டியைக் கண்டு பூட்டை உடைத்தார். உள்ளே ஸ்ட்ராடிவாரியின் பெயர்ச்சீட்டு! 2015-இல் அவர் அதை மதிப்பிடக் கொடுத்தபோது நிபுணர் பார்த்தவுடன் கண்டுகொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் வயலின் டோட்டன்பெர்க்கின் மகள்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு வழக்கிலும் உண்மையை வெளியே கொண்டுவந்தவர் மனைவியாக இருந்தவர்தான் என்பதை நம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கதாநாயகி இருட்டில் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேட்டு ‘இது ஸ்ட்ராடிவாரி’ என்று சொல்லிவிடும் காட்சி எனக்கு மனவருத்தம் தருகிறது. 2010-இல் இண்டியானாபொலிஸில் தேர்ந்த கலைஞர்கள் இருண்ட கண்ணாடி அணிந்து பழைய இத்தாலிய வயலின்களையும் புதிய வயலின்களையும் வாசித்துப் பார்த்தபோது, எது பழையது என்று அவர்களில் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. நிபுணர்கள் கண்ணால்தான் அடையாளம் காண்கிறார்கள். பெயர்ச்சீட்டையும் நம்பக் கூடாது. என் தாத்தாவின் வயலினில் எஃப் வடிவத் துளையருகே சிறு விளக்கைப் பிடித்து, கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தால், பழுப்பேறிய காகிதத்தில் ‘அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்’ என்ற அச்சும், ஆண்டுக்கு ‘17’ என்று மட்டும் போட்டு விட்ட வெற்றிடமும், அதன் அடியில் பொடி எழுத்தில் ‘ஜெர்மனியில் செய்தது’ என்பதும் தெரியும். இப்படிச் சீட்டு ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சிறுமியாக இருந்தபோது முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை. அந்த ஓர் இரவின் படபடப்பை எழுதத் தெரிந்தவருக்கு கோட்டைகளும் கார் துரத்தல்களும் தேவைப்படா. வில்லன் வேண்டுமென்றால் வாத்திய வணிகரையே வைக்கலாம். மதிப்பற்ற வயலின்களை விலைமதிப்பற்றவை என்று வங்கிகளில் ஈடு வைத்த ஒரு பெரிய வணிகருக்கு வியன்னா நீதிமன்றம் 2012-இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

எழுதப்படாத முடிவு ஒன்றும் காத்திருக்கிறது. எரிகா மொரினி என்ற வியன்னாவில் பிறந்த வயலின் மேதையின் 1727-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி, 1995 அக்டோபரில், அவர் நியூயார்க்கில் மருத்துவமனையில் இருந்தபோது, பூட்டியிருந்த அலமாரியிலிருந்து களவு போனது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களிலேயே, வயலின் வீட்டில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு, 91-ஆவது வயதில் அவர் கண்ணை மூடினார். அது யாருடைய வீட்டில், எந்தப் பரணில், யாருக்கும் தெரியாமல் இருக்கிறதோ, அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு தொடர்கதையைத் தங்கள் இதழிலேயே வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.