ஞாயிறு வகுப்பு: புற்றுநோய் மரபணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு

வணக்கம் உறவுகளே.

டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஆனர்ஸ், மாஸ்டர்ஸ் படிக்கிற நம் பிள்ளைகள் சிலருக்குப் புற்றுநோய் மரபணுவியல் பக்கம் போக ஆசை. அவர்களுக்காக வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு வீடியோ கால். லிங்க் சனிக்கிழமை இரவு இங்கேயே வரும்.

இந்தத் தடவை ஒரே விஷயம்தான்: டிபிஒய்டி ஜீன். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் 5-எஃப்யூ, கேப்சிட்டபின் மருந்துகளை உடலில் சிதைக்கிற நொதி இதிலிருந்துதான் உருவாகிறது. நொதி குறைவாக உள்ளவருக்கு வழக்கமான டோஸ் கொடுத்தால் மருந்து தேங்கி, வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஜீனில் ஐரோப்பாவில் வழக்கமாகச் சோதிக்கும் 4 மாற்றங்களை மட்டும் இங்கேயும் பார்த்தால், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒய்186சி என்ற மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். ரிப்போர்ட் மட்டும் 'நார்மல்' என்று வரும்! தென்னாப்பிரிக்காவில் படிப்பவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

லேப்டாப்பில் ஐஜிவி (டிஎன்ஏ தரவைத் திரையில் பார்க்க உதவும் மென்பொருள்) போட்டு வையுங்கள், இலவசம்தான். 1-ஆம் குரோமோசோமில் டிபிஒய்டி இருக்கும் இடத்தைத் திறந்து, ரீட்களில் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளில்) ஏறக்குறைய பாதி ஓர் எழுத்தும் மீதி வேறு எழுத்துமாக நிற்பதை நாமே பார்ப்போம். கோடிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

ஒன்று கண்டிப்பு: யாருடைய லேப் ரிப்போர்ட்டையும் குழுவில் போடாதீர்கள், பெயரை மறைத்தாலும் சரி. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சை பற்றிய சந்தேகம் டாக்டரிடம்தான்.

வருகிறவர்கள் கை உயர்த்தும் எமோஜி போடுங்கள். 'குட் மார்னிங்' படங்களை அன்றைக்கு மட்டும் நிறுத்தி வையுங்களேன், மாமாக்களே.