ஆர்டர் கைப்பேசியில், கணக்கு கணினியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் குழாய், மின்சாமான் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள் நான். கடைக்குக் கணினி வந்தது, வாட்ஸ்அப் வந்தது, கல்லாப்பெட்டி அருகே யுபிஐ ஒலிப்பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றில் வருவதை மற்றொன்றில் ஏற்றுவதிலேயே என் பொழுது போகிறது.

காலையில் அருமனையிலிருந்தும் கருங்கலிலிருந்தும் ஆர்டர்கள் வரத் தொடங்கும். ஒருவர் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே குரல்பதிவு அனுப்புவார். இன்னொருவர் அட்டைத் துண்டில் "முக்கால் எல்போ 50, ஒரு இன்ச் டீ 20" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். இந்தக் குழாய் இணைப்புப் பாகங்கள் சாதாரண பிவிசியா, வெந்நீருக்கான சிபிவிசியா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். நான் கேட்டுத் தெரிந்துகொண்டு கணினியில் ஏற்றுவதற்குள், அதே சரக்கைக் கவுண்டரில் துண்டுச்சீட்டு போட்டு விற்றிருப்பார்கள். கணினியில் இருப்பு 60 என்று இருக்கும். அலமாரியில் பத்துகூடத் தேறாது.

ஒலிப்பெட்டி "4,350 ரூபாய் பெறப்பட்டது" என்று முழங்கும். யாருடைய பாக்கிக்கு என்று சொல்லாது. மனைவியின் எண்ணிலிருந்து பணம் அனுப்பிய கடைக்காரர் யார் என்று மாலையில் வங்கிப் பட்டியலை வைத்துத் துப்பறிய வேண்டும்.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்குச் சரக்கு போகும்போது வயிற்றைக் கலக்கும். மாநில எல்லை தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் எனும் சரக்குப் போக்குவரத்து மின்னணுச் சீட்டு கட்டாயம். 2018 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. வழியில் பழுதாகி வண்டி மாறினால், புதிய வண்டி எண்ணை அந்தச் சீட்டில் பதிந்த பிறகே சரக்கு நகர வேண்டும். பிடிபட்டால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். ஓட்டுநர் கூப்பிடுவதோ முதலாளியை; அவர் கல்யாண வீட்டுப் பந்தியில் இருப்பார். கைப்பேசியிலிருந்தே வண்டி எண்ணை மாற்ற அரசுத் தளத்தில் வழி உண்டு. அதை ஓட்டுநரிடமோ என்னிடமோ ஒப்படைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் விற்பனையாளரின் சொந்த எண்ணுக்குத்தான் பாதி ஆர்டர் வருகிறது. அவர் வேறு கடைக்கு மாறிப் போனால், பேசிய விலை, கொடுத்த தவணை, திருப்பி அனுப்பிய சரக்கு எல்லாம் அவர் சட்டைப்பையோடு போய்விடும். பிறகு "உங்கள் ஆள் ஒத்துக்கொண்டாரே" என்று வாடிக்கையாளர் நிற்பார். அவரிடம் காட்ட என்னிடம் ஒரு வரியும் இருக்காது.

டேலி கணக்கு மென்பொருளிலிருந்தே பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி 2023-இல் வந்துவிட்டது. அது பில் அனுப்புவதற்கான வசதிதான். வரும் ஆர்டர் நேராகக் கணக்கில் ஏற வேண்டுமானால் வாட்ஸ்அப்பின் வணிகத்துக்கான கட்டண இணைப்பை எடுத்து, அதைக் கணக்கு மென்பொருளோடு பிணைக்க ஆள் வேண்டும். பெயர்ப் பலகைக்கு வண்ண விளக்குப் போட யோசிக்காத முதலாளிகள் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

முதலில் கடையின் பெயரில் ஓர் எண் வாங்கி, எல்லா ஆர்டரும் அதற்கே வரட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. இணைப்பு வேலையைத் தனித்தனியாகக் கேட்டால் சிறு கடைக்குக் கட்டுப்படியாகாது. ஒரே ஊரில் ஒரே மாதிரி சரக்கு விற்கும் கடைகளைச் சேர்த்து வணிகர் சங்கங்கள் மொத்தமாக விலை பேச வேண்டும். நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையம் இதற்குப் பயிற்சி வைத்தால், முதலாளிகளோடு கணக்கு எழுதுகிறவர்களையும் அழைக்கட்டும்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்,
மார்த்தாண்டம்.