2001-இல் கொடுத்த அனுமதிக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள்: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட்டர்களுக்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த நாட்டில் குடியேறி, குடியுரிமை வாங்கி, வரி கட்டி, ஓட்டுப் போடுகிறவன். தமிழில் எழுதியிருப்பதால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் தொகுதிகளில் ஓட்டுரிமையோடு இருக்கும் தமிழர்கள் படிப்பார்கள். அவர்கள் உங்களிடம் கேட்டால் எனக்கு அது போதும்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, படையைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு 2001-இல் காங்கிரஸ் கொடுத்த அனுமதிச் சட்டம் முடிவுத் தேதி இல்லாமல் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போரே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அல் காய்தாவும் ஐஎஸ் அமைப்பும் பேசித் திருத்தக்கூடிய கூட்டங்கள் இல்லை. 2024 ஜனவரியில் ஈரான் ஆதரவு ஆயுதக் குழு ஒன்று ஜோர்டானில் உள்ள டவர் 22 முகாம்மீது டிரோன் விட்டு மூன்று அமெரிக்கப் படையினரைக் கொன்றது. அப்படி அடிக்கிறவனைத் திருப்பி அடிக்காமல் எந்த நாடும் இருக்க முடியாது. சரி, அடிக்கலாம். ஆனால் யாரை, எங்கே, எத்தனை காலத்துக்கு என்று தீர்மானிப்பது யார்? அரசியல் சட்டம் அந்த வேலையை ஜனாதிபதியிடம் கொடுக்கவில்லை, உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. நீங்கள் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று நாடுகள்மீது. அதற்குப் பிறகு நடந்த எந்தச் சண்டைக்கும் நீங்கள் அந்தப் பெயர் வைக்கவில்லை.

2001 செப்டம்பர் 14-ஆம் தேதிக்கு வருகிறேன். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த அனுமதிச் சட்டத்துக்குக் கிடைத்த ஓட்டு செனட்டில் 98-0, பிரதிநிதிகள் சபையில் 420-1. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொஞ்சம் நிதானித்து, இது எங்கே போய் முடியும் என்று யோசிப்போம் என்றுதான் அவர் கேட்டார். அதற்குக் கொலை மிரட்டல்கள் வந்து, போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியதாயிற்று.

அன்றைய உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நடந்தது அப்படி இல்லை. வெள்ளை மாளிகை முதலில் கொண்டுவந்த வரைவு, அமெரிக்காவுக்கு எதிராக இனி வரக்கூடிய எந்தப் பயங்கரவாதத்தையும் ஆக்கிரமிப்பையும் முன்கூட்டியே தடுக்கப் படை பயன்படுத்தும் அதிகாரத்தைக் கேட்டது. இரு கட்சித் தலைவர்களும் உட்கார்ந்து அதை வெட்டினார்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், அனுமதித்தவர்கள், நடத்தியவர்கள், அதற்கு உதவியவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள், இவர்கள்மீது மட்டும் என்று சுருக்கினார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரு வாக்கியம் 60 சொற்கள். எழுதிக் கொடுத்தது சரியான பத்திரம்தான். ஆனால் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்ட புரோநோட்டில் கடன் கொடுத்தவன் பின்னால் ஒவ்வொரு சுழியாகச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. எழுதிக் கொடுத்தவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் இதில் வேடிக்கை.

சேர்த்த முதல் சுழிக்குப் பெயர் ‘கூட்டாளிப் படைகள்’, அதாவது அல் காய்தாவோடு சேர்ந்து சண்டை போடும் குழுக்கள். சட்டத்தில் இந்தத் தொடர் கிடையாது. நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள் விளக்கம் சொல்லிச் சொல்லி அதை உள்ளே கொண்டுவந்தார்கள். யேமனில் இருக்கும் அல் காய்தா கிளை அதில் அடங்கும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். அப்புறம் சோமாலியாவின் அல் ஷபாப் வந்தது. 2014-இல் ஐஎஸ் அமைப்பும் வந்தது. அந்த அமைப்பை அதே ஆண்டு பிப்ரவரியில் அல் காய்தாவே தனக்குச் சம்பந்தம் இல்லை என்று கைகழுவிவிட்டிருந்தது. இரண்டும் சிரியாவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்றுக்கு எதிராக எழுதிய சட்டம் மற்றதற்கும் பொருந்தும் என்று வாஷிங்டனில் விளக்கம் கொடுத்தார்கள். ஐஎஸ்ஸை அடித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. மோசூலையும் ரக்காவையும் அவர்கள் ஆண்ட விதத்தைப் பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டிருந்தால் நீங்கள் தாராளமாக அனுமதி கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

உண்மையில் கேட்கவும் கேட்டார்கள். 2015 பிப்ரவரியில் ஒபாமா ஐஎஸ்ஸுக்கு எதிராகத் தனி அனுமதி கேட்டு, மூன்றே ஆண்டுக் காலக்கெடுவோடு, தாமாகவே ஒரு வரைவை அனுப்பினார். எந்த ஜனாதிபதியும் தன் அதிகாரத்துக்குத் தானே கெடு வைத்துக்கொண்டு வந்து நிற்பது அபூர்வம். அதிகாரம் போதாது என்றது ஒரு தரப்பு, அதிகம் என்றது மறு தரப்பு. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. குண்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

லிபியாவில் நடத்திய போரின் கதை இதைவிட மோசம். 2011 ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை ஒரே நாளில் இரண்டு வாக்கெடுப்பு நடத்தியது. அந்தப் போருக்கு அனுமதி கொடுக்கலாமா என்றால், 295-123 என்று மறுத்தது. சரி, பணத்தையாவது வெட்டலாமா என்றால், 238-180 என்று அதையும் மறுத்தது. ஆக, போர் வேண்டாம், ஆனால் நிறுத்தவும் வேண்டாம்! வென்றால் நாங்கள் தடுக்கவில்லை என்று சொல்லலாம், தோற்றால் நாங்கள் அனுமதிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இந்த ஏற்பாடு சௌகரியமாக இருக்கிறது என்பதுதான் உண்மை. ஈராக் போருக்கு 2002-இல் போட்ட ஓட்டு, பிறகு எத்தனை பேரின் ஜனாதிபதிக் கனவைக் கலைத்தது என்பது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓட்டுப் போடாமல் இருந்தால் யாரும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

2013-இல் சிரியாவில் ரசாயன ஆயுதத் தாக்குதல் நடந்தபோது பிரிட்டன் நாடாளுமன்றம் கூடியது, 285-272 என்று அரசின் தீர்மானத்தைத் தோற்கடித்தது, பிரதமர் கேமரன் அதை ஏற்றுக்கொண்டார். அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் யார் முடிவெடுத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நைஜரில் டோங்கோ டோங்கோ கிராமத்துக்கு அருகே 2017 அக்டோபரில் நான்கு அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டபோது, அந்த நாட்டில் இவ்வளவு படை இருக்கிறது என்பதே தெரியாது என்று செனட்டர்கள் சிலர் சொன்னார்கள். செனட்டர் லிண்ட்ஸி கிரஹாம் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து காபூல் விமான நிலையத்தின் அபே கேட்டில் குண்டு வெடித்து இறந்த 13 அமெரிக்கப் படையினரில் பலருக்கு 20 வயதுதான். அவர்களை அங்கே அனுப்பிய சட்டம் வந்தபோது அவர்கள் கைக்குழந்தைகள். மூன்று நாள் கழித்து, அடுத்த குண்டைத் தடுப்பதாக நினைத்து டிரோன் ஒரு காரைத் தாக்கியது. செத்தது பத்து பேர், அதில் ஏழு பேர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டது என்று பென்டகன் ஒப்புக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோரிக்கை இதில்தான் நிற்கிறது. முடிவுத் தேதி இல்லாத அனுமதியைத் திரும்பப் பெற நீங்கள் சட்டம் இயற்ற வேண்டும். ஜனாதிபதி அதை வீட்டோ செய்வார், அதாவது ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புவார். வீட்டோவைத் தாண்ட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019-இல் யேமன் போர் விஷயத்திலும் 2020-இல் ஈரான் விஷயத்திலும் ஜனாதிபதியின் படை நடவடிக்கையைக் கட்டுப்படுத்த இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. டிரம்ப் இரண்டையும் வீட்டோ செய்தார், அத்தோடு முடிந்தது. அனுமதியிலேயே தேதி இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. சண்டையைத் தொடர விரும்புகிற ஜனாதிபதிதான் உங்களிடம் வந்து பெரும்பான்மை திரட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் தூங்கினாலும் அது முடிந்துவிடும். உங்கள் சுபாவத்துக்கு இதுதான் பொருத்தம்.

காலக்கெடு வைத்தால் எதிரி அதுவரை காத்திருப்பான் என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. தாலிபான் காத்திருக்கத்தான் செய்தது. ஆனால் அது காத்திருந்தது 2020-இல் தோஹாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வெளியேற்றத் தேதிக்காக. அந்தத் தேதியை வைத்தது நிர்வாகம், நீங்கள் இல்லை. படை கிளம்பும் நாளும் சட்டத்தைப் புதுப்பிக்கும் நாளும் வேறு வேறு. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புக்கான சட்டத்தின் 702 பிரிவை முடிவுத் தேதியோடுதான் இயற்றினீர்கள். அடம் பிடித்துச் சண்டை போட்டுவிட்டு 2024 ஏப்ரலில் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்தீர்கள். உளவு நின்றுவிடவில்லை.

நல்ல காரியம் ஒன்றும் செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1991, 2002 ஆண்டுகளின் ஈராக் அனுமதிகளை 2025 டிசம்பரில் ஆண்டுப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தோடு சேர்த்து நீக்கினீர்கள். சதாம் ஹுசைனைத் தூக்கிலிட்டு ஏறக்குறைய 19 ஆண்டு ஆன பிறகு! ஆனால் சிக்கலான 2001 சட்டத்தைத் தொடவில்லை. இதற்கிடையே நிலைமை ஒரு படி மேலே போய்விட்டது. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள்மீது குண்டு போட்டபோது உங்கள் முன் அனுமதி கேட்கப்படவில்லை. செப்டம்பரிலிருந்து கரீபியன் கடலில் போதைப்பொருள் கடத்துவதாகச் சொல்லிப் படகுகளைத் தகர்க்கத் தொடங்கியபோதும் கேட்கவில்லை. முன்பெல்லாம் ஒப்புக்காவது அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டுவார்கள்.

நான் கேட்பது இதுதான். 2001 சட்டத்தை நீக்குங்கள், ஆனால் இன்றே அல்ல. பார்பரா லீ 2017-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 240 நாள் அவகாசம் இருந்தது. பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதை இரு கட்சி ஆதரவோடு ஏற்றது. அப்புறம் அவைத் தலைமை சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அதே அவகாசம் போதும். அதற்குள் புதிய அனுமதியை எழுதுங்கள். எந்த அமைப்பு, எந்த நாடு என்று பெயர் இருக்கட்டும். பட்டியலில் புதுப் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் நிர்வாகம் உங்களிடம் வரட்டும். அதிகபட்சம் மூன்று ஆண்டு. குவாண்டனாமோ ராணுவச் சிறையில் மிச்சமிருக்கும் சிலரைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தச் சட்டத்தின் பேரில்தான் என்பதால், அவர்களை என்ன செய்வது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். குரல் வாக்கெடுப்பு வேண்டாம், ஒவ்வொருவர் ஓட்டும் பெயரோடு பதிவாகட்டும்.

ஐஎஸ்ஸையும் அல் ஷபாபையும் அடிக்க அனுமதி என்று நீங்கள் ஓட்டுப் போட்டால் நான் எதிர்க்கமாட்டேன். கூடாது என்று போட்டால் காரணத்தைக் கேட்டுக்கொள்வேன். ஓட்டே போடாதவர் அடுத்த தேர்தலில் என் ஓட்டைக் கேட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்