டம்ளர் கிணுகிணுத்த பிறகு

பர்கூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மலருக்கு,

புதன்கிழமை ராத்திரி நிலநடுக்கம் வந்ததும் நீ போனில் பேசியபோது உன் குரல் நடுங்கியது. அப்பா உடனே போனை வாங்கி, "வேலை போனால் போகட்டும், டிக்கெட் போட்டு வந்துடு பாப்பா" என்றார். நான் பேசாமல் இருந்தேன். நான் சொல்ல நினைத்ததெல்லாம் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

"முதலில் யாரோ கதவை இடித்த மாதிரி ஒரு குலுங்கல். பத்துப் பன்னிரண்டு செகண்ட் கழித்துத்தான் கட்டிலே ஆடியது" என்றாயே, அது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு பயத்திலும் அந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறாய், கண்ணு. முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நம் குவாரியில் சாயங்காலம் வெடி வைப்பது ஞாபகம் இருக்கிறதா? அடுக்களைத் தட்டில் டம்ளர் கிணுகிணுக்கும். நீ படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவாய். ஆறு எண்ணும்போது 'டமார்' என்று சத்தம் வரும். தரை வழியாக வந்த அதிர்வு முந்திக்கொள்ளும், காற்று வழியாக வரும் சத்தம் பிந்தும். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர், ஆக குவாரி இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஜப்பானில், சென்டாயில் உன் அறையில் நடந்ததும் அதேதான். அங்கே இரண்டு அலைகளும் பாறை வழியாகவே வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் அலை, கூட்ஸ் ரயில் பெட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளுவது போல முன்னும் பின்னுமாக அழுத்திக்கொண்டு வரும். கெட்டிப் பாறையில் செகண்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும். இரண்டாவது அலை, கிணற்றுக் கயிற்றை உதறினால் ஒரு நெளிவு ஓடுமே, அப்படிப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு வரும். அது செகண்டுக்கு மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் வீட்டை உலுக்குவது அதுதான். இரண்டுக்கும் நடுவில் எத்தனை செகண்ட் என்று எண்ணி எட்டால் பெருக்கினால், நிலநடுக்கம் தொடங்கிய இடத்தின் தூரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய கிடைக்கும். இந்தக் கணக்கைக் கண்டவர் நீ இருக்கும் நாட்டுக்காரர்தான், டோக்கியோவில் இருந்த நிலநடுக்க ஆராய்ச்சியாளர் ஒமோரி. நீ சொன்ன பன்னிரண்டை எட்டால் பெருக்கிப் பார். நூறு கிலோமீட்டர் பக்கம் வருகிறது. உனக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில். அங்கே பசிபிக் தட்டு என்ற மாபெரும் பாறைப் பலகை வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது.

ஆடுவதற்கு முன்னால் உன் போன் கத்தியதும் இந்த இடைவெளியால்தான். நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி முதல் அலையைப் பிடித்ததும் கணினி கணக்குப் போட்டு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறது. அது மின்னல் வேகத்தில் வரும், பாறையில் வரும் அலை அதற்குப் பின்னால்தான். 2007 முதல் அங்கே பொதுமக்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்கிறது. 2011 பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு கடல் தரையிலேயே கேபிள் போட்டு 150 கருவிகள் வைத்திருக்கிறார்கள். நிலத்தில் இன்னும் சுமார் 800 இருக்கின்றன. அவை பெரும்பாலும் நூறு மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான துளைக்குள் இறக்கியவை. மேலே என்றால் பஸ், மழை, மனிதர் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து இரைச்சல். நாம் இங்கே தண்ணீருக்கு ஆயிரம் அடி போர் போடுகிறோம். அவர்கள் பூமியின் சத்தம் கேட்கத் துளை போடுகிறார்கள். இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

"இவ்வளவு தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லக்கூடாதா?" என்று கேட்டாய். முடியாது. எந்த நாள், எந்த மணி என்று இன்றுவரை உலகத்தில் யாராலும் சொல்ல முடிவதில்லை. உன் மாமா வாட்ஸப்பில் அனுப்பும் தேதிகளை நம்பாதே. தாத்தா கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மேலே இருக்கும் மலை பாரத்தைப் பாறை வருடக்கணக்காகத் தாங்கி நின்று, ஒரு நாள் வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே ஊரில் வீடே அதிரும். "சில சமயம் கல் முன்னாடியே மடமடன்னு சத்தம் போடும். சில சமயம் ஒரு சத்தமும் இருக்காது" என்று தாத்தா சொல்வார். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ரீட் என்பவர் விளக்கியதும் இதைத்தான். நிலத்துக்குள் இருக்கும் பிளவின் இரண்டு பக்கமும் பாறை மெல்ல மெல்ல வளைந்து, தாங்க முடியாதபோது சட்டென்று விடுபட்டு நிமிர்கிறது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளக்கலாம். எந்த நொடியில் விடும் என்பது பிடிபடவில்லை.

நான் வகுப்பில் ஆசையாக நடத்திய பகுதி ஒன்று உண்டு, நீ கேட்டதில்லை. மனிதன் பூமிக்குள் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டர். மையத்துக்கு 6371 கிலோமீட்டர் போக வேண்டும். உள்ளே இருப்பதை நிலநடுக்க அலைகள்தான் நமக்குச் சொல்லின. 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இங்கே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஓல்டாம். இந்த அலைகளைப் பதிவுத்தாளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அவர். 1906-இல், பூமிக்கு நடுவே வேறு மாதிரியான ஒரு கரு இருக்கிறது என்றார். இரண்டாவது வகை அலை திரவத்துக்குள் போகாது. அது கருவைத் தாண்டி வருவதில்லை என்பதால், அங்கே உருகிய உலோகம் என்று பின்னால் தெரிந்தது. டென்மார்க்கில் லேமான் என்ற பெண் விஞ்ஞானி, 1929-இல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை, அட்டைகளில் எழுதி ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கிவைத்து ஆராய்ந்தார். அலை வரக்கூடாத இடத்தில் மெல்லியதாக ஒரு அலை வந்திருந்தது. மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததை அவர் விடவில்லை. உருகிய கருவுக்குள் இன்னொரு கெட்டிக் கரு இருக்கிறது என்று 1936-இல் எழுதினார். கம்ப்யூட்டர் கிடையாது, கண்ணு. பென்சிலும் அட்டையும்தான்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி தாண்டித் தெற்கே போகப் போக, ஒரு காலத்தில் மேலும் மேலும் ஆழத்தில் இருந்த பாறை வெளியே தெரிகிறது. 250 கோடி வருடத்துக்கு முன் இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்து இறுகியது, மேலே இருந்த பாறை தேய்ந்து இன்று தொட்டுப் பார்க்கும்படி நிற்கிறது. நம் வாசல்படிக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

பின்னதிர்வுக்குப் பயந்து தூங்கவில்லை என்றாய். அதற்கும் ஒமோரிதான், ஜப்பானில் 1891-இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்துச் சொன்னார். முதல் நாள் நூறு வந்தால் பத்தாம் நாள் ஏறக்குறைய பத்துதான் வரும். நடுவில் ஒன்று பெரிதாக வரலாம், அதற்குத் தயாராக இரு. ஆனால் நாளுக்கு நாள் குறையும்.

பீரோவைச் சுவரோடு சேர்த்து மாட்டு. தலைமாட்டுக்கு மேலே கனமாக எதுவும் வைக்காதே. கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், இருட்டில் கண்ணாடித் துண்டை மிதித்துவிடாதே. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அடுத்த முறை முதல் குலுங்கல் வந்ததும் மேசைக்கு அடியில் போய்விடு. அங்கே உட்கார்ந்துகொண்டு, பெரிய ஆட்டம் வரும்வரை எண்ணு. எத்தனை வந்தது என்று எனக்கு உடனே சொல், எட்டால் பெருக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா